ஈரம் போகும் வழி

நம் ஊரில் தோல் பூட்ஸ் காட்டில் சாவதைவிட அலமாரியில் சாவதுதான் அதிகம். மலையேறுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்கள். ஒரு வருஷம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த ஜோடியை வெளியே எடுத்தால் மேலே பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். துடைத்துப் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் அடிப்பாகம் வாயைத் திறந்துகொள்ளும். உள்ளே இருப்பது காய்ந்த ரொட்டி மாதிரி துகள் துகளாக உதிரும்.

போலிச் சரக்கு என்பதால் நடப்பதல்ல இது. பல பூட்ஸ்களில் காலுக்கும் ரப்பர் அடிக்கும் நடுவே மெத்தென்று இருப்பது பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று பெயர். சூடு சேர்ந்தால் வேகம் கூடும். போட்டு நடக்காமல் வைத்திருந்தாலும் தப்பாது. வருஷம் முழுக்க வேர்த்துக்கொண்டிருக்கும் நம் நாட்டில் அதற்கு ஆயுசு குறைவு.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் போன வருஷம் வரை எனக்கு வரவில்லை. நான் ஏறுவது ஞாயிற்றுக்கிழமைக் குன்றுகள். அதற்கு ‘அடிடாஸ் கம்போங்’ போதும். ஒரே அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர் சப்பாத்துக்கு யாரோ கிண்டலாக வைத்த பெயர் அது. பால்வெட்டுக்காரர்கள் போட்டது, இப்போது மலையேறுகிறவர்களும் போடுகிறார்கள். விலை மலிவு. அடியில் இருக்கும் குமிழ்கள் சேற்றை நன்றாகப் பிடிக்கும். கழுவி ஆணியில் மாட்டினால் சீக்கிரம் காய்ந்துவிடும். நாம் ஆயிரம் ரிங்கிட் பூட்ஸில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது சுமை தூக்குகிறவர்கள் இதைப் போட்டுக்கொண்டு நம்மைத் தாண்டிப் போவார்கள்.

நான் தோல் பூட்ஸ் தேட ஆரம்பித்தது சித்தப்பாவுக்காக.

சித்தப்பா பகாங்கில் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் குலை வெட்டியவர். ராத்திரியில் காட்டுப் பன்றி வேட்டைக்குப் போவார். லைசென்ஸும் துப்பாக்கியும் பக்கத்து டவுனில் இருக்கும் தவுக்கேயுடையது. தடம் பார்ப்பது சித்தப்பா. ஈர மண்ணில் குளம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தே பன்றி எத்தனை கிலோ இருக்கும் என்று சொல்லிவிடுவார். இளஞ்செம்பனையின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்றுவிடும் என்பதால் தோட்டத்திலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

செம்பனை மட்டையின் அடியில் வரிசையாக முள் இருக்கும். வெட்டிப்போட்ட மட்டை காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்போது அது ரப்பர் அடியைத் துணியைப் போலத் துளைத்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்பு சித்தப்பாவின் வலது காலில் அப்படி ஒன்று ஏறியது. அவருக்கு அது தெரியவே இல்லை. பதினைந்து வருஷமாக இனிப்புநீர். பாதத்தில் உணர்ச்சி எப்போதோ போயிருந்தது. மூன்றாம் நாள் துணி துவைக்கும்போது காலுறையில் சீழைப் பார்த்துச் சித்திதான் கண்டுபிடித்தார். கடைசியில் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

புண் ஆறி எட்டு மாதம் கழித்துச் சித்தப்பா மறுபடி டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்கி வைத்தார்.

“மிச்சம் இருக்கிற ஒம்பது விரலையும் பன்னிக்கே போட்டுட்டு வாங்க,” என்றார் சித்தி.

டாக்டர் அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான சப்பாத்து இல்லாமல் தோட்டத்துப் பக்கமே போகக்கூடாது. போட்டுக்கொள்ளும் முன் உள்ளே கையைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கழற்றியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். புது சப்பாத்து என்றால் முதல் நாள் அரை மணி, மறுநாள் கொஞ்சம் கூட என்று மெல்லப் பழக்க வேண்டும். சித்தப்பா ஃபோன் பண்ணினார். “பாப்பா, நீதான் இங்கிலீஷ் படிப்பியே, நல்லதா ஒன்னு பாத்துச் சொல்லு.”

படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. நல்ல பூட்ஸ் என்று உலகத்தில் எழுதப்படுவதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரனின் கால்களுக்கு எழுதப்படுவது. அவன் பயப்படுவது வெளியே இருக்கும் பனிக்கும் சேற்றுக்கும். அதனால் தண்ணீர் புகாத மெல்லிய சவ்வு ஒன்றை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். வேர்வை ஆவியாக அந்தச் சவ்வு வழியே வெளியேறும் என்பது கணக்கு. உள்ளே ஆவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். நம் காட்டில் வெளியேயும் அதே சூடு, அதே ஈரம். ஆவி எங்கே போகும்?

குனோங் தஹான் போனவர்களுக்குத் தெரியும். 2187 மீட்டர், தீபகற்பத்திலேயே உயரமான மலை. கோலா தஹான் வழியாகப் போனால் ஒரே ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் எந்தச் சவ்வும் உதவாது. தண்ணீர் மேலே வாய் வழியாக இறங்கிவிடும். இறங்கிய தண்ணீரை வெளியே விடாமல் அந்தச் சவ்வே காவல் காக்கும்.

1960களில் வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் காட்டு பூட்ஸில் பாதம் மட்டும்தான் தோல். கணுக்காலுக்கு மேலே துணி. பாதத்தின் உள்வளைவில் தண்ணீர் வெளியேற இரண்டு சின்னத் துளைகள். தண்ணீர் உள்ளே வரத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு செய்த பூட்ஸ் அது. கூர் சீவி நட்ட மூங்கில் முளைகள் காலில் ஏறாமலிருக்க அடியில் எஃகுத் தகடும் சேர்த்தார்கள். மட்டை முள் குத்திய கதையைக் கேட்டவளுக்கு அந்தத் தகடு உடனே புரிந்தது.

கடைக்குப் போகும்போது என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. சவ்வு வேண்டாம். பஞ்சு வைத்த உள்துணி வேண்டாம். தோல் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அடிப்பாகம் வெறும் பசையில் ஒட்டியதாக இல்லாமல் சுற்றிலும் தோல் பட்டை வைத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் தேய்ந்த அடியைப் பிரித்துவிட்டு வேறு போடலாம். நாக்குப் பகுதி இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருந்தால் அட்டை நுழைவது குறையும். கொடியில் மாட்டும் கொக்கிகளுக்குப் பதில் கயிறு கோக்க வெறும் துளைகள். விரல்கள் விரிய முன்பக்கம் அகலம். நடந்து நடந்து பாதம் வீங்கும் என்பதால் சாயங்காலமாகப் போய், கனமான காலுறையோடு அளவு பார்க்க வேண்டும்.

கோலாலம்பூரில் ஒரு கடை. விற்பனைப் பையன் எடுத்துவைத்த முதல் ஜோடியைச் சித்தப்பா கையில் வாங்கினார். காலில் போட்டுப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தினார். மடக்கினார். நாக்கை வெளியே இழுத்து வெட்டிய விளிம்பை விளக்கில் காட்டிப் பார்த்தார். அப்புறம் முகர்ந்தார்.

“இது மேந்தோல் இல்ல. பொளந்த அடித்தோலு. மேல சாயம் பூசி இஸ்திரி போட்ட மாதிரி பண்ணிருக்கான். வேணாம்.”

இரண்டாவது ஜோடியை அழுத்தியபோது கட்டைவிரலைச் சுற்றி மெல்லிய ரேகைகளாகச் சுருங்கி, விட்டதும் மறைந்தது. “பாத்தியா, நம்ம கைத்தோலு மாதிரி சுருங்குது. முன்னதுல பிளாஸ்டிக் மடியிற மாதிரி கோடு விழுந்துச்சு.” விளிம்பைக் காட்டினார். நார்கள் நெருக்கமாக இருந்தன. “தோலுக்கு வலுவு மேல்பக்கந்தான். அதச் சீவிட்டா மிச்சம் சக்கை.”

நான் ஒரு மாதம் படித்துச் சேர்த்ததை அவர் இரண்டு நிமிஷத்தில் விரலால் சொல்லிக்கொண்டிருந்தார். குலை வெட்டியவருக்கு இது எப்படித் தெரியும்?

“யார் சொல்லிக் கொடுத்தா சித்தப்பா?”

அவர் பையனைப் பார்த்தார். பையன் மலாய்க்காரன். தமிழ் தெரியாது என்று உறுதிப்படுத்திக்கொண்டவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: “ஒங்க தாத்தாதான். அவரு கை வேலை அது.”

எங்களுக்குச் சொல்லப்பட்ட தாத்தா வேறு. கிராணியாருக்குக் கூடமாட இருந்து கணக்குப் பார்த்தவர், நாலு எழுத்து தெரிந்தவர் என்றுதான் அப்பா சொல்லியிருக்கிறார். அந்தக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் லயத்து வீட்டின் பின்கதவைச் சாத்திக்கொண்டு, மண்ணெண்ணெய் விளக்கில், தேய்ந்த லாரி டயரை வெட்டி மற்றவர்களுக்குச் செருப்புத் தைத்த மனிதரைப் பற்றி. ஊரில் தோல் வேலை செய்த குடும்பம். கப்பலேறும்போது அதை அங்கேயே விட்டுவிட்டதாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். லயத்தில் இருந்தவர்கள் அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். “வாங்கிட்டுப் போறவங்களும் பின்பக்கமாத்தான் வருவாங்க,” என்றார் சித்தப்பா.

தோட்டத்தில் அந்தச் செருப்பு சாதாரணப் பொருளல்ல. வெறுங்காலோடு நடந்த தலைமுறைகளைக் கொக்கிப்புழு தின்றிருக்கிறது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளையின் மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, ஃபிஜி என்று போய் அதை ஆராய்ந்து, 1920இல் அறிக்கையே வெளியிட்டது. மண்ணில் இருக்கும் அந்தப் புழு பாதத்தின் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகும். இரத்தத்தை உறிஞ்சி ஆளை வெளுக்க வைக்கும். ஒரு ஜோடி டயர் செருப்பு அதை எவ்வளவு தடுத்தது என்று கணக்கு எடுத்தவர் யாருமில்லை. ஆனால் லயத்தில் அந்தக் காரியத்தைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள், அதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் எங்கள் தோட்டத்துக் கோயில் மதுரை வீரன் கோயில். வீரனை எடுத்து வளர்த்தது செருப்புத் தைக்கும் தம்பதி என்பது கதை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படத்தில் அந்தத் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் வந்தபோது தோட்டத்து ஜனங்கள் கைதட்டித்தான் பார்த்திருப்பார்கள். சாமிக்கு அப்பா அம்மாவாக இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரராக இருந்தால்தான் சங்கடம்.

இரண்டாவது ஜோடியையே வாங்கினோம். எழுநூறு ரிங்கிட்டை நெருங்கியது. சித்தப்பா பாதி, நான் பாதி. குரோம் உப்பில் பதனிட்ட தோல் அது. ஈரத்தையும் சூட்டையும் தாங்கும். “ஆவாரம்பட்டையில, கடுக்காயில பதம் பண்ணா ஒரு வாசம் வரும்னு தாத்தா சொல்வாரு. இதுல அது இல்ல,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. தேடிப் பார்த்த மாதிரி இருந்தது.

பராமரிப்பை அவர் தன் வழியிலும் டாக்டர் வழியிலுமாகச் செய்கிறார். நனைந்து வந்தால் உள்தகட்டை வெளியே எடுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார். வெயிலில் வைக்கமாட்டார், அடுப்புப் பக்கமும் வைக்கமாட்டார். வேகமாகக் காய்ந்த தோல் வெடிக்கும். காற்றோடும் இடத்தில் நிழலில் காய வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மாதம் ஒருமுறை விளக்கெண்ணெயை விரல்நுனியில் தொட்டு மடிப்புகளில் மட்டும் தடவுவார். அதிகம் போனால் தோல் தொளதொளவென்று ஆகிவிடுமாம். பிளாஸ்டிக் பையும் மூடிய பெட்டியும் கூடவே கூடாது. தினமும் ராத்திரி சித்தியின் சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியைப் பார்த்துக்கொள்கிறார். முதல் மூன்று வாரம் வீட்டு வாசலோடு சரி. அப்புறம் ஆற்றங்கரை வரை. இப்போது தவுக்கேயோடு மாதம் ஒருமுறை போகிறார், மட்டை குவித்த வரிசைகளைத் தவிர்த்து, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவதாகச் சித்திக்குச் சத்தியம் செய்துவிட்டு.

அப்பாவிடம் கேட்டேன். டிவியின் சத்தத்தைக் குறைக்காமலே, “அதெல்லாம் எதுக்கு இப்ப? ஒனக்கு மாப்பிள்ள பாக்கிற நேரத்துல,” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அறுபது வருஷ லயம் அப்படியே இருந்தது. அதற்கு மேல் அவரைக் கேட்கவில்லை. தாத்தாவின் குத்தூசி எங்கே என்று மட்டும் பிறகொரு நாள் அவராகவே சித்தப்பாவிடம் விசாரித்திருக்கிறார். வீடு மாறும்போது யாரோ வீசிவிட்டார்கள்.

இதை எழுதலாமா என்று சித்தப்பாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எழுது. என்னைப் பத்தி என்னா வேணா எழுது. ஒங்கப்பா பேரு மட்டும் போடாத, அவன் ஆஃபீசுக்குப் போறவன்.”

போடவில்லை. பூட்ஸின் அடி இன்னும் தேயவில்லை. இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். தேய்ந்தால் கடையில் கொடுக்க வேண்டாம், தானே பிரித்துத் தைத்துப் பார்க்கிறேன் என்கிறார். நல்ல குத்தூசியும் மெழுகு நூலும் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். எங்கே உட்கார்ந்து தைப்பீர்கள் என்று கேட்டதற்கு, இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்.

“வாசல்லதான். அங்கதான வெளிச்சம் இருக்கு.”