பொழுது சாய்வதற்குள் ஒரு தட்டுவடை செட்

புதுச்சேரியின் லாஸ்பேட்டை ஓடுதளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்குக் கடற்காற்றுதான் முதல் ஆசான். பிற்பகலில் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கிவிட்டால் கிழக்கு முகமாகவே ஏறுவோம், கிழக்கு முகமாகவே இறங்குவோம். ஓடுதளத்தின் நீளம் 1,500 மீட்டர். நான்கு பேர் அமரும் செஸ்னா 172-க்கு அது தாராளம். மேலெழும்பியதும் கடற்கரைச் சாலையும் பழைய கலங்கரை விளக்கமும் கண்ணுக்குள் வந்துவிடும். சர்க்யூட் என்று சொல்லும் அந்தச் செவ்வகச் சுற்றிலேயே பல வாரங்கள் கழியும்: ஏறு, திரும்பு, ஓடுதளத்துக்கு இணையாகப் பற, இறங்கு, நிற்காமல் மறுபடியும் ஏறு. அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய பாடத்தை. இன்னொரு ஊருக்குப் பறந்துபோய், அங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே வீடு திரும்புவது.

அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் மாலையில் கிளம்பிப் பக்கத்து ஊர் விமானத்தளத்து உணவகத்தில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு இரவில் திரும்புவது சாதாரணம். அங்கே இருட்டிலும் கண்ணால் பார்த்து ஓட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகச் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டில் சூரியன் மறைந்து 20 நிமிடம் வரைதான் அது முடியும். அதற்குப் பிறகு பயிற்சி விமானம் அனுமதி பெற்று நிலையத்தைச் சுற்றிப் பறக்கலாம். அடுத்த ஊரிலிருந்து வர முடியாது. ஆகவே நம் ஊர் விமானிக்கு ராச்சாப்பாடு கிடையாது, சாயங்கால டிபன் உண்டு. அந்த டிபனுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி நுட்பம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டலும் இனிப்புக் கடையும் நடத்திய கோர்சிகாக்காரர் ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ். 1909-இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரை உலுக்கியது. சிம்ப்சன் பட்டறையின் உதவியோடு தானே ஒரு விமானம் கட்டி, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதைப் பறக்கவும் விட்டார். தமிழ் மண்ணில் எஞ்சின் பூட்டிய விமானத்தை முதலில் எழுப்பியவர் ஒரு சமையற்கூடத்துக்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

ஊர் விட்டு ஊர் போய்த் திரும்பும் பாடத்துக்கு எங்கள் பயிற்றுநர் தேர்ந்தெடுத்த ஊர் சேலம். மாதம் பிப்ரவரி. "எப்பக் கிளம்பலாம்னு முதல்ல யோசிக்காதம்மா. எப்ப இறங்கணும்? அதைத் தாளோட அடியில எழுது. அங்கேருந்து மேல ஏறி வா" என்றார்.

பிப்ரவரி நடுவில் புதுச்சேரியில் பொழுது சாய்வது ஏறக்குறைய 6.15 மணிக்கு. சட்டப்படி 6.35 வரை வரலாம். "அந்த இருபது நிமிஷம் நமக்கில்ல. வழியில எதாவது ஆனா அதுக்கு" என்று அதை அடித்துவிட்டார். ஆகத் தாளின் அடியில் 6.00. அதற்கு மேல் திரும்பும் பயணம். கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகப் போனால் தூரம் சுமார் 200 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் 100 நாட், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர். காற்றே இல்லையென்றால் போகவும் வரவும் ஒரே நேரம்தான். ஆனால் அந்த மாதத்தில் மேலே கிழக்கிலிருந்து காற்று வரும். 15 நாட் காற்று போகும்போது முதுகைத் தள்ளும். வரும்போது நெஞ்சைத் தள்ளும். போக ஒரு மணி நேரம் என்றால் வர ஒன்றேகால் மணிக்கு மேல். ஏறி இறங்குவதையும் சேர்த்துத் திரும்புவதற்கு 1 மணி 20 நிமிடம் வைத்தோம். சேலத்தில் 4.40-க்குச் சக்கரம் தரையை விட வேண்டும். அதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்க, தாள்களில் கையெழுத்துப் போட, எஞ்சினைச் சோதிக்க 40 நிமிடம். ஆக 4.00 மணிக்கு இலையை விட்டு எழ வேண்டும். 3.15-க்கு இறங்கினால் வெளியே வர 3.30. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். லாஸ்பேட்டையில் கிளம்புவது 2.10. கிளம்பும் நேரம் தாளின் உச்சியில், கடைசியாக வந்து சேர்ந்தது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. சேலம் விமான நிலையம் நமக்கு மேற்கே தீர்க்கரேகையில் ஒன்றேமுக்கால் பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். சேலத்தில் நின்று பார்ப்பவருக்குச் சூரியன் மறைவதற்கு 7 நிமிடம் முன்பே புதுச்சேரியில் மறைந்துவிடும். சேலத்து வெயிலை நம்பி உட்கார்ந்திருப்பவர் இருட்டுக்குள்தான் வந்து இறங்குவார்.

பறப்பதற்கு முந்தைய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணத் திட்டம் கொடுக்க வேண்டும். வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். வானிலைக் குறிப்பை எழுதிக்கொள்ள வேண்டும். எரிபொருள்தான் பெரிய விஷயம். இந்த எஞ்சின் குடிப்பது ஏவிகேஸ். ஜெட் விமானத்துக்கு ஊற்றுவதை இதில் ஊற்ற முடியாது. 2022-இல் இந்தியன் ஆயில் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கும் வரை அது முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்தது. இன்றும் எல்லா நிலையத்திலும் கிடைப்பதில்லை. அதனால் திரும்பி வருவதற்கும், அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் இங்கிருந்தே நிரப்பிக்கொள்கிறோம். இறக்கையின் அடியில் உள்ள திருகைத் திறந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம். வெளிர்நீலமாக இருக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்தாக நிற்கும்.

மேற்கே திரும்பியதும் முதலில் ஊசுட்டேரி. பிறகு விழுப்புரம் சந்திப்பில் பிரியும் தண்டவாளங்கள். மேற்கு நோக்கிப் போகிறவர்கள் 4,500 அடியில், கிழக்கே வருகிறவர்கள் 3,500 அல்லது 5,500 அடியில் என்று உயரம் பிரித்திருக்கிறது. வெயில் நேராக முகத்தில். ஒவ்வொரு ஊர் வரும்போதும் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். உளுந்தூர்பேட்டைக்கு நாங்கள் போட்ட கணக்கைவிட முன்னதாகவே வந்துவிட்டோம். பின்னால் அமர்ந்திருந்த சக மாணவர் சந்தோஷப்பட்டார். பயிற்றுநர் பென்சிலை என்னிடம் நீட்டினார். "சீக்கிரம் வந்துட்டோம்னா என்ன அர்த்தம்? காத்து நாம நினைச்சதவிட ஜாஸ்தி. அப்ப வர்றது?" அரை மணி நேர டிபன் அங்கேயே, நடுவானில், இருபது நிமிடமாகக் குறைந்தது. நான் கற்றவற்றில் மிகச் சிறந்த பாடம் இதுதான். போகும் வழியில் கிடைக்கும் ஒவ்வொரு நிமிட லாபமும் திரும்பும் வழியில் கட்ட வேண்டிய கடன்.

உளுந்தூர்பேட்டையில் கீழே இன்னொன்றும் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம், வெளிறிப்போய்க் கிடக்கிறது.

நேர்க்கோட்டில் போனால் கல்வராயன் மலை குறுக்கே நிற்கிறது. அதனால் சேலம் நெடுஞ்சாலையையும் விருத்தாசலம் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டு ஆத்தூர் இடைவெளிக்குள் நுழைந்தோம். வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை. பிற்பகல் சூட்டில் மலைச்சரிவிலிருந்து எழும் காற்று விமானத்தைத் தூக்கிப் போடும். அப்போது உயரத்தோடு மல்லுக்கட்டக் கூடாது. மூக்கை அடிவானத்தில் வைத்து, வேகத்தைக் காப்பாற்றினால் போதும். பிறகு வலப்பக்கம் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அதைத் தாண்டி ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம்.

சேலம் நகரத்துக்குள் போக நேரமில்லை. ஓமலூர்ப் பக்கத்துச் சாலையோரக் கடையில் தட்டுவடை செட் வாங்கினோம். இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் வைத்துக் கையில் கொடுப்பார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இல்லாத சாப்பாடா என்று வீட்டில் கேட்டார்கள். அங்கே எல்லாம் உண்டு. ஆனால் இந்தச் சுவைக்காக நான் காற்றைக் கணித்திருந்தேன், மலையைச் சுற்றியிருந்தேன், தண்ணீர் கலக்காத எரிபொருளைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்திருந்தேன். அந்தச் சுவைக்கு இணையாக வேறெதையும் நான் சாப்பிட்டதில்லை.

சேலம் ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாஸ்பேட்டை 40 மீட்டர்தான். உயரமும் வெயிலும் சேர்ந்தால் காற்று லேசாகிவிடும். சக்கரம் தரையை விட அதிக தூரம் ஓட வேண்டும். அதையும் காலையிலேயே அட்டவணை பார்த்துக் குறித்திருந்தோம். திரும்பும்போது 3,500 அடி. சூரியன் முதுகுக்குப் பின்னால், எதிர்க்காற்று நெஞ்சில். கீழே நெடுஞ்சாலை லாரிகள்கூட எங்களோடு போட்டி போடுவதுபோல் இருந்தன. விழுப்புரம் தாண்டியதும் மேற்கு வெயில் பட்டு ஆரோவில்லின் மாத்ரிமந்திர் பொன்னுருண்டை இடப்பக்கம் தூரத்தில் பளிச்சிட்டது. சாயங்காலத்தில் மேற்கிலிருந்து வருபவருக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. கடல் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது. கடற்காற்றை எதிர்கொண்டு, கிழக்கு முகமாக, 6.00 மணிக்குள் இறங்கினோம்.

இந்தத் தொழில் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 17 வயது நிரம்பியவர், மருத்துவச் சோதனையிலும் எழுத்துத் தேர்விலும் தேறி, குறைந்தது 40 மணி நேரம் பறந்தால் தனியார் விமானி உரிமம் பெறலாம். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. அந்தச் செலவைக் கூட்டுவதில் ஏவிகேஸ் கிடைக்காததற்கும், இறங்க இடமில்லாததற்கும் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று போர்க்காலத்து ஓடுதளங்கள் சும்மா கிடக்கின்றன. பெரிய விமானங்கள் வருவதற்காக அவை காத்திருக்க வேண்டியதில்லை. தளத்தைச் செப்பனிட்டு, ஒரு காற்றுப்பையும் ஒரு காவலரும் ஒரு ஏவிகேஸ் வண்டியும் கொடுத்தால் பயிற்சி விமானங்கள் நாளைக்கே வரும். செட்டிநாட்டில் இறங்கி, காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சத்தோடு புதுச்சேரி திரும்பும் கணக்கைத் தாளின் அடியிலிருந்து நான் போட்டு வைத்திருக்கிறேன். அரசு அந்த ஓடுதளங்களைச் சிறு விமானங்களுக்குத் திறந்துவிட வேண்டும்.