பெர்ஷியன் பூனை: ஆசை சரி, தினமும் யார் வாரி விடுவது?

பஞ்சுப் பொதி மாதிரி உடம்பு, வட்ட முகம், அமுங்கிய மூக்கு. பெர்ஷியன் பூனைக் குட்டியை செல்போனில் பார்த்த நிமிடமே குழந்தைகள் பெயர் வைத்துவிடுகிறார்கள். சென்னை வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்திலும் அப்படித்தான். ஆறாம் வகுப்பு மகள் பெயரே வைத்துவிட்டாள். வேலைக்குப் போகும் அம்மாதான் தயங்கினார். மாமியாருக்கு வீசிங் வேறு.

“முடிதானே பிரச்னை, பெருக்கினால் போச்சு” என்றார் அப்பா. கால்நடை மருத்துவர் அதைத் திருத்தினார். அலர்ஜிக்குக் காரணம் முடியல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதம். குட்டை முடிப் பூனைக்கும் அது உண்டு. பாட்டி தன் டாக்டரின் சம்மதத்தோடு, பூனை வளர்க்கும் தோழி வீட்டில் இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அடுத்தது வெயில். தட்டை முகத்தால் பெர்ஷியனுக்கு மூச்சுப் பாதை குறுகல். வாய் திறந்து மூச்சு வாங்கினாலும் உடம்பு சீக்கிரம் ஆறாது. மே மாத மதியத்தில் பூட்டிய வீட்டில் கரன்ட் போனால் ஆபத்து. கண்ணீர் முகத்தில் வழிவதால் தினமும் ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டும்.

இந்த இனத்தில் பரம்பரையாக வரும் ஒரு சிறுநீரக நோயும் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குட்டி விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அந்த ரிப்போர்ட்டை.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பெரிய வேலை சீப்புதான். பெர்ஷியனின் நீள முடிக்குக் கீழே மெல்லிய அடிமுடி அடர்ந்திருக்கும். சில நாள் வாராமல் விட்டால் காதுக்குப் பின்னாலும் வயிற்றிலும் சிக்கு விழும். இறுகினால் தோலை இழுக்கும், உள்ளே புண்ணாகும். அப்புறம் மழிக்க வேண்டியதுதான்.

அம்மா ஒரு பரீட்சை வைத்தார். “ஒரு மாதம் தினமும் 15 நிமிஷம் பாட்டிக்குத் தலைவாரி விடு. ஒரு நாள்கூட விடக் கூடாது.”

மகள் 11 நாள் செய்தாள். அப்புறம் காலாண்டுத் தேர்வு வந்தது. 16-ஆம் நாள் அவளே சீப்போடு வந்து நின்றாள்.

“பரவாயில்லடா, நான் மனுஷி. என் தலையை நானே வாரிக்கிட்டேன்” என்றார் பாட்டி. “பூனை என்ன செய்யும்?”

மகள் பதில் சொல்லவில்லை.

பெர்ஷியன் 12 முதல் 15 வருடம் வாழக்கூடியது. இன்று 11 வயதுப் பெண் கல்லூரி முடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கும். அதுவரை சீப்பு அம்மாவின் கையில்தான் இருக்கும். முடியாமல் தெருவில் விட்டாலோ, அந்த முடியோடும் அந்த மூக்கோடும் நாய்களுக்கு நடுவே அதனால் பிழைக்க முடியாது.

அன்றிரவு மகளே சொன்னாள்: “இப்ப வேணாம்மா.” அழுதாள்தான். அம்மாவும் சமாதானம் சொல்ல அவசரப்படவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மறுபடி பேசலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்.