களிப்பும் நிறைவும்

‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்று நாம் கூறினால், கருதிச் சொல்லவில்லை என்பது பொருள். ஆயின், விளையாட்டு வீரரின் பயிற்சியைப்போல் கருத்தூன்றிச் செய்யப்படும் செயல்கள் சிலவே. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறுகிறது. அவ்வுவகைதான் கடும்பயிற்சிக்கும் தூண்டுகோலா? இவ்வினா என் பள்ளிப் பருவத்திலேயே எனக்குள் எழுந்தது.

தில்லியில் பயின்ற காலத்தில் நான் 400 மீட்டர் ஓட்டப் பயிற்சி பெற்றேன். குளிர்கால விடியலில், மூடுபனி விலகுமுன், 200 மீட்டர் தொலைவை ஆறு முறை விரைந்து ஓட வேண்டும். இடையிடையே இரண்டு நிமிட ஓய்வு உண்டு. முதல் இரண்டு ஓட்டங்கள் மகிழ்ச்சியாக இருக்கும். நான்காவதில் கால்கள் கனக்கும். ஐந்தாவதில் மூச்சு நெஞ்சைச் சுடும். ஆறாவது ஓட்டத்திற்காகக் கோட்டருகே நின்றபோது நான் ஒருநாளும் மகிழ்ந்ததில்லை. ஆயினும் ஓடினேன். ஏன்?

விடை என் குறிப்பேட்டில் இருந்தது. நவம்பரில் ஆறாவது ஓட்டத்திற்கு 36 நொடிகள் ஆயின; பிப்ரவரியில் 32 நொடிகளே போதுமாயின. அந்த நான்கு நொடிகளை எனக்கு எவரும் பரிசாகத் தரவில்லை; நானே ஈட்டினேன். நேற்று இயலாதது இன்று இயன்றது என்னும் நிறைவு, களிப்பினும் ஆழமானது.

நொடியின் அருமையைப் பி.டி. உஷா நன்கறிவார். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டால் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். களிப்பு ஒன்றையே நாடுபவர் அத்துடன் ஓட்டத்தை விட்டிருப்பார். அவரோ மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றார்.

இதனால் களிப்பு வேண்டா என்று கூறேன். என்னைத் திடலுக்கு முதலில் அழைத்து வந்தது அதுவே. தெருவில் நண்பர்களோடு ஓடிப்பிடித்து விளையாடிய மகிழ்ச்சி இல்லையேல், நான் ஓடவே தொடங்கியிருக்க மாட்டேன். பிறர் புகழுக்காக மட்டும் பயில்பவர், புகழ் குறைந்தவுடன் சோர்ந்துவிடுவர். களிப்பு நம்மைத் தொடங்கச் செய்கிறது. நிறைவு நம்மைத் தொடரச் செய்கிறது.

நீங்கள் விரும்பும் விளையாட்டில் ‘இனி இயலாது’ என்று தோன்றும் நாள் வரும். அன்று எவ்வளவு இயன்றதோ, அதனைக் குறித்து வையுங்கள். மூன்று திங்கள் பயின்றபின் அக்குறிப்பை எடுத்துப் பாருங்கள்.