ஏரி கடக்கும் மாடுகள்

ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரியா எல்லையை ஒட்டிய மலைகளுக்கு நடுவே இருக்கிறது கோனிக்ஸே ஏரி. நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், ஆழம் 190 மீட்டர். கரையோரமாக நடந்து சுற்றிவர வழி கிடையாது. செங்குத்துப் பாறைகள் நேராகத் தண்ணீரில் இறங்குகின்றன. படகுதான் ஒரே வழி. 1909-ம் ஆண்டிலிருந்தே இங்கு மின்சாரப் படகுகள் ஓடுகின்றன. பாதி வழியில் படகை நிறுத்தி, படகுக்காரர் ஊதுகொம்பு வாசிப்பார். பாறை அதைத் திருப்பி வாசிக்கும்!

சுற்றுலா வருபவர்கள் இந்த எதிரொலியையும், கரையில் நிற்கும் சிவப்புக் கூரை தேவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால், மாடு வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது தென்கரையில் உள்ள சாலெட் மேய்ச்சல் நிலத்தை.

கோடையில் மாடுகளை மலைக்கு அனுப்பிவிட்டு, ஊர்ப்பக்கத்துப் புல்லை அறுத்துக் காயவைத்துக்கொள்வது இங்குள்ள விவசாயிகளின் வழக்கம். பனி மூடும் மாதங்களுக்கு அதுதான் தீவனம். சாலெட்டுக்குச் சாலை இல்லாததால், மாடுகளும் தட்டையான படகில் ஏறித்தான் போய் வருகின்றன. 1978-ல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவானது. ஆனாலும், பரம்பரை மேய்ச்சல் உரிமை தொடர்கிறது. நல்ல முடிவுதான். மேய்ச்சல் நின்றால் புதர் ஏறி, புல்வெளி காடாகிவிடும்.

அக்டோபர் தொடக்கத்தில் மாடுகள் திரும்புகின்றன. கரை இறங்கியதும் தலையில் ‘ஃபுய்க்ல்’ கட்டுகிறார்கள். இளம் ஸ்புரூஸ் மரத்தின் நுனியில், சாயமேற்றிய மரச்சீவல் பூக்களை வைத்துக் கையால் செய்த கிரீடம் அது. ஒவ்வொன்றும் பல மணி நேர வேலை.

ஆனால், எல்லா ஆண்டும் கிரீடம் கிடையாது. மலைச்சரிவில் மாடு தவறி விழுவதும், இடி தாக்குவதும் உண்டு. அந்தக் கோடையில் ஒரு மாடு செத்திருந்தாலோ, வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தாலோ அலங்காரம் செய்வதில்லை. மாடுகள் வெறும் தலையோடு வீட்டுக்கு நடக்கும். மாடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

திரும்பும் நாள் வானிலையைப் பொறுத்து மாறும். பார்க்கப் போகிறவர்கள் அங்கேயே விசாரித்துக்கொள்வது நல்லது. மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுவின் பக்கத்தில் போகாமல் இருப்பதும்தான்.