வழி திறந்தவர்

வென்றவரை உலகம் போற்றும். வழி திறந்துவிட்டு விலகியவரை எளிதில் மறந்துவிடும். அத்தகையோருள் ஒருவர் எட் ராபர்ட்ஸ்.

1969-இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் நண்பர்களோடு 'மிட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். மாதிரி ராக்கெட்டுகளுக்கு மின்னணுக் கருவிகள் செய்தார். பின்னர் கால்குலேட்டர்கள் செய்தார். பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைக்கவே, கடனில் மூழ்கினார். அந்நிலையிலும் துணிந்து அவர் உருவாக்கியதே 'ஆல்டேர் 8800' என்னும் கணிப்பொறி.

1975 சனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டை அதனை உலகுக்கு அறிவித்தது. உதிரிப்பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். திரையில்லை, விசைப்பலகையில்லை, நினைவகம் 256 பைட்டுகளே. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் வாங்க முன்வந்தனர். அதற்கெனப் 'பேசிக்' மொழியை அமைத்துத் தந்த பில் கேட்சும் பால் ஆலனும் அவ்வூரிலேயே மைக்ரோசாஃப்டை நிறுவினர்.

1977-இல் ராபர்ட்ஸ் தம் நிறுவனத்தை விற்றார். ஜார்ஜியா சென்று உழவரானார். பின்னர் மருத்துவம் பயின்று, 1986-இல் பட்டம் பெற்று, கோக்ரன் என்னும் சிற்றூரில் மருத்துவராய்ப் பணியாற்றினார். 2010-இல் மறைந்தார்.

அவர் பட்டம் பெற்றது நாற்பதைக் கடந்த வயதில். அவ்வயதிலேயே நானும் இருக்கிறேன். அலுவலகம் முடிந்து, இரவில் அஞ்சல்வழி எம்.ஏ. பாடங்களைப் பயில்கிறேன். "எழுத்தருக்கு இனி எதற்கையா படிப்பு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் விடை, இவ்வொருவரின் வரலாறே.