புடவைக்குக் கூலி, நாளுக்கு இல்லை

திருவண்ணாமலையிலிருந்து போளூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது கலசப்பாக்கம். ரதசப்தமியன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக இந்த ஆற்றுக்கு வருவார். கலசப்பாக்கத்துத் திருமாமுடீஸ்வரர் எதிர்கொண்டு அழைப்பார். பக்கத்தில் பர்வதமலை. பௌர்ணமி வந்தால் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். வெளியூர்க்காரர்கள் அறிந்தது பெரும்பாலும் இந்த ஆறும் மலையும்தான். ஆனால் ‘ஆரணிப் பட்டு’ என்று கடையில் விரித்துக் காட்டும் புடவைகள் இந்த வட்டாரத்து வீடுகளில்தான் பிறக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. ஆரணி நகரத்தோடு நின்றுவிடாமல் சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று ஊர் ஊராகப் பரவிக் கிடக்கிறது தறி.

போளூரில் சேத்துப்பட்டுச் சாலையைப் பிடித்து தேவிகாபுரம் போனேன். பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரத்தைக் கடந்து நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தபோது இன்னும் வெயில் ஏறவில்லை. தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது புடவையின் நீள இழைகளை, நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக இரு பக்கமும் நின்று கஞ்சி தெளித்து, ஒட்டிய இழைகளைப் பிரித்துவிட்டுக் கொண்டிருந்தார்கள். பாவு ஒரு வீட்டுக்காரருடையது. கை கொடுத்தவர்களில் பாதிப்பேர் அக்கம்பக்கத்தார். வெயில் கடுமையானால் இழை முறுகிவிடும், மழை வந்தால் எல்லாம் வீண் என்று பேசிக்கொண்டே வேகமாக வேலையை முடித்தார்கள்.

அந்த வேலையில் நின்றிருந்த ஓர் அக்கா என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். “வாங்க, உள்ள வந்து பாருங்க. அவரு குழியில இருக்காரு” என்றார். முன்கூடம் முழுவதும் தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார் அவர் கணவர். மிதிக்கு மிதி விழுது ஏறி இறங்க, திறந்த இழைகளின் நடுவே நாடா பாய்ந்தது. அச்சு வந்து குறுக்கிழையான ஊடையை அடித்து நெருக்கியது. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, எந்த இழை மேலே போக வேண்டும் என்று சொல்ல, கரையில் ஜரிகைப் பூ வரி வரியாக எழுந்தது. 1804இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய முறை தேவிகாபுரத்துக் கூடத்தில் இன்றும் உழைக்கிறது.

பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகைக்கு சூரத். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசைதான். அதைக் கொதிநீரில் போக்கிய பிறகே பட்டுக்குப் பளபளப்பு வரும், சாயம் பிடிக்கும். காஞ்சிபுரம் புடவையைவிட ஆரணிப் புடவை பொதுவாக எடை குறைந்தது. கட்டுவதற்கு இலகு, விலையும் பலருக்கு எட்டும்.

நெய்பவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணை அந்த அக்காவின் ராட்டை இழுத்தது. அவர் தார் சுற்ற உட்கார்ந்திருந்தார். நாடாவுக்குள் வைக்கும் குழலில் ஊடை நூலைச் சுற்றித் தராவிட்டால் தறி நின்றுவிடும். சமையலுக்கு நடுவிலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தும் அவர் சுற்றுகிறார். மாலையில் கணவர் எழுந்தால் இவர் குழியில் இறங்கி நெய்கிறார். ஆனால் புடவைக்கான கூலியில் தார் சுற்றுவதற்கென்று தனிக் காசு இல்லை. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நெசவும் அதன் துணைவேலைகளும் செய்வோர் 35.22 லட்சம் பேர். அதில் 25.46 லட்சம் பேர் பெண்கள். நெசவாளர் என்றதும் நம் மனதில் ஓர் ஆண் தறியில் உட்காருவது எவ்வளவு பெரிய தவறு என்று அந்தக் கூடத்தில் புரிந்தது.

“புடவைக்குத்தாங்க கூலி, நாளுக்கு இல்ல” என்றார் நெய்தவர். இந்த ஒரு வரிக்குள் இந்தத் தொழிலின் துயரம் முழுதும் இருக்கிறது. ஒரு பாவு நெய்து அறுத்ததும் அடுத்ததைத் தொடங்கிவிட முடியாது. பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழை நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். பிணைக்க வருபவருக்குக் கொடுப்பது இவர் கையிலிருந்துதான். அந்த நாளில் நெசவும் இல்லை, கூலியும் இல்லை. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், இழை தளரும், தறி மந்தமாகும். முதலாளியிடமிருந்து பாவு வரத் தாமதமானால் காத்திருக்கும் நாளும் இவருடையதே. கூட்டுறவு சொசைட்டியில் நெய்தாலும் முதலாளிக்கு நெய்தாலும் கூலியின் கணக்கு முடிந்த புடவையிலிருந்துதான் தொடங்குகிறது.

இதன் மேல் விசைத்தறியின் போட்டி. குறிப்பிட்ட வகைப் புடவைகள் உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்கிறது 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். ஆனாலும் விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் விலைபோகிறது. வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ‘சில்க் மார்க்’ முத்திரை அது அசல் பட்டு என்று மட்டும் சொல்கிறது. கையால் நெய்தது என்று சொல்வது ‘ஹேண்ட்லூம் மார்க்’. இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். அரசின் உதவி இல்லாமல் இல்லை. கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. தறிக்கூடத்து விளக்குக்கு அது உதவுகிறது. நின்றுபோன நாட்களின் பசிக்கு அது போதாது.

அங்கிருந்து ஆரணிக்குப் போனேன். கோட்டை இருக்கிறது, 1751இல் கிளைவின் படை ரஸா சாகிப்பின் படையை வென்ற ஊர் இது. பூசிமலைக்குப்பத்தில் ஜாகிர்தாரின் கண்ணாடி மாளிகை, சற்றுத் தள்ளிப் படவேட்டில் ரேணுகாம்பாள். சுற்றிப் பார்க்க வருபவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுக் கடைவீதியில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நெய்யும் கைகளை அவர்கள் பார்ப்பதில்லை. வேறு விதமாகவும் நடக்கலாம். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு என்ற நகரம் இருக்கிறது.  ஏரியை அடைத்து மீனவர்களை வாட்டும் ஆகாயத்தாமரையின் தண்டை உலர்த்தி, கூடையும் நாற்காலியும் பின்னும் கைவினைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். ஏரி பார்க்க வருபவர்கள் பின்னும் கைகளையும் பார்க்கலாம், அவர்களிடமே வாங்கலாம். களையை வைத்து ஓர் ஊர் இதைச் செய்ய முடிகிறபோது, பட்டை வைத்து நம்மால் ஏன் முடியாது?

பர்வதமலைக்கும் படவேட்டுக்கும் வருகிறவர்கள் ஒருமுறை நெசவாளர் தெருவிலும் நடக்க வேண்டும். சொசைட்டிகள் அதற்கு வழி செய்யலாம். அதைவிட முக்கியமாக, கூலியை நிர்ணயிப்பவர்கள் பிணைக்கும் நாளையும் தார் சுற்றும் கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேவிகாபுரத்தில் நான் போன அந்த வீட்டுப் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். தறிக்கு வரமாட்டான் என்று பெற்றோரே சொன்னார்கள். அதில் பிழை இல்லை. தறியில் உட்கார்ந்தால் மாதம் முழுதும் உழைப்புக்குக் காசு உண்டு என்ற நிலை வந்தால், வருவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்வான். அந்த உரிமையை அவனுக்குத் தருவதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை, ஒரு புடவைக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும், நியாயமான விலைதான்.