திரையில் கண்ட நோயும் வீட்டில் காணாத நோயும்



உளமருத்துவ மேற்படிப்பின் முதலாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் ஒரு திரைப்படத்தைப் பாடமாகக் காட்டினார். கணித மேதை ஜான் நாஷின் வாழ்வைத் தழுவி 2001ஆம் ஆண்டு வெளிவந்த 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' என்பது அதன் பெயர். படம் முடிந்ததும், கதைநாயகனை நம்மிடம் வந்த நோயாளியாகக் கருதி அவருடைய நோய் இன்னதென்று எழுத வேண்டும் என்றார்.

பத்தே நிமிடங்களில் நான் எழுதி முடித்தேன். விடுதி அறைத்தோழன், அவனுடைய சிறு மருமகள், இரகசிய அரசு அதிகாரி ஆகிய மூவரும் உண்மையில் இல்லாதவர்கள், எனவே மாயக்காட்சிகள். பத்திரிகைகளில் எதிரிநாட்டின் சங்கேதச் செய்திகள் மறைந்துள்ளன என்பதும், அவற்றைக் கண்டுபிடிக்கத் தாம் நியமிக்கப்பட்டுள்ளோம் என்பதும் அசைக்க முடியாத பிழை நம்பிக்கைகள். பாதிப்பு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்துள்ளது. தொழிலும் குடும்பமும் சிதைந்துள்ளன. ஆகவே, மனச்சிதைவு நோய்.

பேராசிரியர் படித்துவிட்டுப் புன்னகைத்தார். "விடை சரி. ஆனால், இங்கே கேமராவே நோயாளியின் மனத்துக்குள் சென்று உங்களுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டது. வெளிநோயாளர் பிரிவில் கேமரா கிடையாது" என்றார். உண்மையான நாஷுக்குக் குரல்களே கேட்டன, மனிதர்கள் தோன்றவில்லை. இந்நோயில் பெரும்பாலும் அப்படித்தான். காட்சியால் கதை சொல்ல வேண்டிய திரைப்படம், செவியில் நிகழ்ந்ததைக் கண்ணில் நிகழ்ந்ததாக மாற்றிக்கொண்டது என்றும் விளக்கினார். தேர்வுக்கு உதவும் என்று குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குச் சென்றேன். இதை எழுத அனுமதியளித்த என் சாச்சாவின் மகனைப் பற்றி இங்கே கூற வேண்டும். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு இரண்டாண்டுகளாக அறையிலேயே முடங்கிக் கிடந்தான். குளிப்பதில்லை, அதிகம் பேசுவதில்லை, சிரிப்பும் அழுகையும் முகத்தில் இல்லை. ஜமாஅத்தைத் தவறவிடாதவன் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்திவிட்டான். பாங்கு ஒலித்தால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டான்.

சாச்சா அதைச் சோம்பல் என்றார். சாச்சி கண்ணேறு என்றார். காதில் பஞ்சு வைப்பதைக் கண்ட உறவினர்கள், ஜின் தீண்டியிருக்கிறது என்றார்கள்; ஈமானே போய்விட்டது என்றும் சிலர் பேசினார்கள். தாயத்து கட்டினார்கள், ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள், நிக்காஹ் செய்து வைத்தால் சரியாகும் என்று பெண்ணும் பார்த்தார்கள். நானோ முந்தைய விடுமுறைகளில் அவனைக் கண்டும், படிப்பில் தோற்ற வருத்தம் என்று கடந்து சென்றவள். திரையில் இருந்த அந்நியரின் நோயைப் பத்து நிமிடத்தில் கூறிய எனக்கு, ஒரே தஸ்தர்கானில் அமர்ந்து உண்ட தம்பியின் நோய் தெரியவில்லை.

அன்றிரவு அவன் அருகே அமர்ந்து மெல்லக் கேட்டேன். "தம்பி, ஆள் இல்லாதப்ப யாராச்சும் பேசுற மாதிரி கேக்குதா?"

நெடுநேரம் தலைகுனிந்திருந்தான். "லாத்தா, பாங்கு சொல்றப்ப நடுவுல என் பேரைச் சொல்லித் திட்டுறாங்க. ஊரே கேக்குது. நான் எப்படிப் பள்ளிக்குப் போவேன்?" என்றான்.

தொழுகையை வெறுத்தவன் அல்லன் அவன். ஊரார் முன்னிலையில் இழிவுபடுத்தப்படுவதாக நம்பி, வெட்கத்தால் ஒதுங்கியவன். இரண்டாண்டுகளில் எங்களில் ஒருவரும் அவனிடம் காரணம் கேட்கவில்லை.

பெருநாள் கழிந்ததும் உளமருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் குரல்கள் தணிந்தன. முழுமையாக மீண்டான் என்று கூற மாட்டேன். சிகிச்சை தாமதிக்கும் அளவுக்கு மீள்வதும் கடினமாகிறது. ஆயினும் இன்று அவன் சாச்சாவின் கடையில் அமர்கிறான். கூட்டம் குறைந்த சுப்ஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குச் செல்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் திரைப்படத்தைப் பற்றி அறிந்த சாச்சி ஒருநாள், "நாமளும் அன்பா பாத்துக்கிட்டா மருந்தில்லாமலே சரியாயிராதா?" என்று கேட்டார். உண்மையான நாஷ் 1970க்குப் பின் மருந்து உட்கொள்ளவில்லை. படமோ அவர் புதிய மருந்துகளை எடுத்துக்கொள்வதாகக் கூறுகிறது. அவருக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மருந்தை நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. அன்பு மருந்துக்கு மாற்று அன்று. மருந்தை நாள் தவறாமல் உட்கொள்ள வைப்பதே அன்பு என்றேன்.

ஜின் உண்டு என்று நம்புபவர்கள் நாம். அதற்காக நமக்கு விளங்காத ஒவ்வொன்றும் ஜின்னாகிவிடாது. நோய்க்கு நிவாரணம் உண்டென்றும் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் வழிகாட்டியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப்பிரிவு இருந்தது. அத்தகைய மரபுக்கு உரிய நம்முடைய கடற்கரையில்தான், அப்படம் வெளிவந்த அதே 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கு இரையாயினர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் குணமாகும் என்று நம்பியே விட்டிருப்பார்கள்.

உங்கள் இல்லத்தில் ஒரு பிள்ளை காரணமின்றி ஒடுங்கினால், தொழுகையை விட்டால், கடிந்துகொள்வதற்கு முன் அருகில் அமர்ந்து ஏன் என்று கேளுங்கள். துஆவை விடாதீர்கள், மருத்துவரையும் விடாதீர்கள். நோயுற்ற உள்ளங்கள் அனைத்துக்கும் வல்ல ரஹ்மான் ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.